கொடியேற்றி வாதிட்ட கடற்கரை

காவிரிப்பூம்பட்டினத்தில் பறந்த கொடிகளைப் பட்டினப்பாலை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறது. கோயில் வாயிலில் ஏற்றிய கொடி, துறையில் நிற்கும் கப்பலின் கொடி, கள்ளுக்கடைக் கொடி. இவற்றோடு இன்னொரு கொடியும் அங்கே பறந்தது. பல நூல்களைக் கற்றுத் தேர்ந்த ஆசிரியர்கள், தங்களோடு வாதிட வரும்படி மற்றவர்களை அழைத்து ஏற்றிய கொடி அது. பண்டமும் கள்ளும் விற்ற தெருவிலேயே கருத்தும் அறைகூவி நின்றது. மணிமேகலைக் காப்பியத்தின் முதல் காதையில் இந்திர விழாவுக்கு முரசறைபவன் ஊரை அலங்கரிக்கச் சொல்வதோடு நிறுத்தவில்லை. சமயவாதிகள் பட்டிமண்டபத்தில் ஏறி முறையாக வாதிட வேண்டும் என்றும் அறிவிக்கிறான். இன்று பண்டிகை நாளில் தொலைக்காட்சியில் நடக்கும் பட்டிமன்றத்துக்குப் பெயர் தந்த மண்டபத்தில் மாமியாரா மருமகளா என்ற வழக்கு நடக்கவில்லை. உயிர் என்பது உண்டா, உலகம் எதனால் ஆனது, ஒன்றை அறிந்தோம் என்று எப்போது சொல்லலாம் என்பவையே அங்கு எழுந்த கேள்விகள்.

காவிரிப்பூம்பட்டினமான பூம்புகாரிலிருந்து தெற்கே தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம் என்று நீளும் இந்தக் கடற்கரையில் காரைக்கால் மட்டும் புதுச்சேரி ஆட்சிப்பகுதியைச் சேர்ந்தது. சுற்றிலும் தமிழ்நாட்டின் நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்கள். 1739-ல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதால் வந்த எல்லை அது. தத்துவ வரலாற்றுக்கு அந்த எல்லை பொருந்தாது. காவிரியின் கிளைகள் கடலில் கலக்கும் இந்தத் துண்டு முழுவதும் ஒரே வாதக்களமாக இருந்தது.

கிரேக்கத் தத்துவமும் துறைமுகத்தில் பிறந்ததுதான். சாக்ரடீஸின் ஏதென்ஸுக்கு நூறாண்டுக்கும் மேல் முன்பு, ஏஜியன் கடலின் கிழக்குக் கரையில் இருந்த மிலேட்டஸ் என்ற வணிக நகரில் அது தொடங்கியது. கி.மு. 585-ல் நேர்ந்த சூரிய கிரகணத்தை முன்கூட்டிச் சொன்னதாகப் பெயர் பெற்ற தேலீஸ், எல்லாவற்றுக்கும் மூலம் நீர் என்றார். அதே ஊர்க்காரரான அனாக்சிமாண்டர் மூலப்பொருளுக்கு எல்லையோ தனிக் குணமோ இல்லை என்றார். அவருக்கு அடுத்து வந்த அனாக்சிமினீஸ் காற்று என்றார். விடைகள் பிழையாக இருக்கலாம். முன்னவர் சொன்னதைப் பின்னவர் மறுக்கலாம், மறுக்கும்போது காரணம் காட்ட வேண்டும் என்ற வழக்கம் அங்கே வேரூன்றியதுதான் பெரிது.

யவனக் கப்பல்கள் புகாருக்கு வந்தன. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி எழுதிய நிலவியல் நூல் ‘கபேரிஸ்’ என்ற வணிகத் துறையைக் குறிக்கிறது. அது காவிரிப்பூம்பட்டினமே என்பது பொதுவாக ஏற்கப்பட்டது. ஆனால் மதுவும் பொன்னும் இறங்கிய கப்பலில் கிரேக்கத் தத்துவர் டெமாக்ரிட்டஸின் அணுக்கொள்கையும் இறங்கியது என்று சொல்லச் சான்று எதுவும் கிடையாது. இரு கரைகளிலும் ஒரே கேள்விகள் தனித்தனியாக எழுந்தன என்று கொள்வதே நேர்மை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேறொரு காரணம் இருக்கிறது. இரு கரைகளிலும் தோற்றவர்களின் நூல்கள் அழிந்தன. அவர்கள் நினைத்ததை அவர்களை மறுத்தவர்களின் எழுத்திலிருந்துதான் பொறுக்கி எடுக்க வேண்டியிருக்கிறது.

டெமாக்ரிட்டஸ் எழுபது நூல்கள் வரை எழுதியதாகப் பழைய பட்டியல் உண்டு. ஒன்றுகூட முழுதாகக் கிடைக்கவில்லை. அவருடைய அணுக்கொள்கை பெரும்பாலும் அதை ஏற்காத அரிஸ்டாட்டிலின் பக்கங்களிலிருந்தே தெரியவருகிறது. இன்னொரு கிரேக்கத் தத்துவரான பார்மினிடீஸின் கவிதை நூலில் எஞ்சியிருப்பதில் பெரும்பகுதி, கி.பி. ஆறாம் நூற்றாண்டில் சிம்ப்ளிசியஸ் என்ற உரையாசிரியர் தம் உரைக்குள் எடுத்து எழுதி வைத்தது. அந்த நூல் அரிதாகிவிட்டதால்தான் இவ்வளவு நீளமாக எடுத்தாள்கிறேன் என்று அவரே காரணமும் சொல்கிறார். ஆய்வாளர் பலர் மணிமேகலையை வைப்பதும் ஏறத்தாழ அந்தக் காலத்தில்தான். அதன் ஆசிரியர் சீத்தலைச் சாத்தனாரும் கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் செய்தார், பிறரைப் பேணும் எண்ணம் அவருக்கு இருந்திருக்காது என்றாலும்.

மணிமேகலையின் 27-ஆம் காதைக்குச் ‘சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதை’ என்று பெயர். புகாரில் பிறந்த கதைத்தலைவி மணிமேகலை துறவியின் வேடம் பூண்டு வஞ்சி நகருக்குப் போய், அங்குள்ள வாதிகளை ஒவ்வொருவராக அணுகி உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறாள். அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி, சாங்கியவாதி, வைசேடிகவாதி, பூதவாதி என்று பத்துப் பேர் விடை சொல்கிறார்கள். சிலருக்குச் சில அடிகளே கிடைக்கின்றன. அளவைவாதியும் ஆசீவகரும் விரிவாகவே பேசுகிறார்கள். சாத்தனார் பௌத்தர், இவர்கள் எல்லோரும் அவருக்கு எதிரணி. ஆனாலும் பெரும்பாலோரை இடைமறிக்காமல் பேசவிட்டிருக்கிறார். காப்பியச் சுவை தேடி வருபவர்கள் இந்தக் காதையைத் தாண்டிப் போவதுண்டு. தமிழில் தத்துவ வரலாறு தேடுபவருக்கோ இது புதையல்.

முதலில் பேசும் அளவைவாதி, அறிவதற்கான வழிகளைக் கணக்கிடுகிறான். வேத வியாதன் சொன்னவை பத்து, கிருதகோடி சொன்னவை எட்டு, சைமினி சொன்னவை ஆறு. கண்ணால் காண்பது, கண்டதைக் கொண்டு காணாததை ஊகிப்பது, ஒப்புமையால் அறிவது, நூற்சொல்லை நம்புவது, இல்லாமையைக் கொண்டு அறிவது என்று பட்டியல் நீள்கிறது. பின்னால், 29-ஆம் காதையில், மணிமேகலையின் பௌத்த ஆசானான அறவண அடிகள் இவற்றையெல்லாம் இரண்டாகச் சுருக்கிவிடுகிறார்: காட்சி, கருதல். பௌத்தத் தருக்க ஆசான் திக்நாகரின் வழி இது. மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு உண்டு, அடுக்களையில் போல என்ற எடுத்துக்காட்டும் அங்கே வருகிறது.

தருக்கத்தை ஒரு துறையாக வகுத்த கிரேக்கர் அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322). மனிதர் அனைவரும் இறப்பவர், சாக்ரடீஸ் மனிதர், ஆகவே சாக்ரடீஸ் இறப்பவர் என்று பள்ளிப் புத்தகங்கள் காட்டும் மூன்று படி வாதம் அவர் வழி வந்தது. அடுக்களைக்கு அதில் இடமில்லை. கிரேக்க வாதம் சொற்றொடரின் அமைப்பிலேயே தன் வலிமையைத் தேடியது. இந்திய வாதம் எதிராளியும் கண்டு ஒப்பக்கூடிய ஒரு நிகழ்ச்சியைக் கூடவே கேட்டது. எதிரே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்ற நினைவு அதில் எப்போதும் இருக்கிறது. பொய் வாதங்களை வகைப்படுத்துவதில் இரு தரப்புக்கும் சமமான ஆர்வம். அரிஸ்டாட்டில் பதின்மூன்று வகை காட்டினார். அறவண அடிகள் பக்கப்போலி (மேற்கோளில் வரும் பிழை) ஒன்பது, ஏதுப்போலி (காரணத்தில் வரும் பிழை) பதினான்கு, திட்டாந்தப்போலி (எடுத்துக்காட்டில் வரும் பிழை) பத்து என்று முப்பத்து மூன்று காட்டுகிறார். இளம்பெண் ஒருத்திக்கு அவ்வளவும் எதற்கு என்று கேட்கலாம். வாதக்கொடி பறக்கும் நாட்டில் துறவு பூணப் போகிறவளுக்கு அது தேவைப்பட்டிருக்கும்.

ஆசீவகவாதியின் பேச்சு இந்தக் காதையின் உச்சம். ஆசீவகம் புத்தர், மகாவீரர் காலத்திலேயே வடக்கே தோன்றியது. மற்கலி கோசாலர் அதன் முதன்மை ஆசான். வடக்கில் அது மங்கிய பிறகும் தமிழகத்தில் நீண்ட காலம் வாழ்ந்தது; சோழர் காலக் கல்வெட்டுகள் சிலவற்றில் ஆசீவகர்மேல் விதித்த வரி குறிக்கப்படுகிறது. அவர்களுடைய மறைநூலுக்கு நவகதிர் என்று பெயர் வழங்கியது. அதில் ஓர் ஏடும் கைக்கு வரவில்லை.

மணிமேகலை தரும் சுருக்கத்தின்படி, உலகில் உள்ளவை ஐந்து: நிலம், நீர், நெருப்பு, காற்று ஆகியவற்றின் அணுக்கள், அவற்றோடு உயிர். அணுக்களை யாரும் படைக்கவில்லை, அவை அழிவதுமில்லை. ஒன்று இரண்டாகப் பிளவதில்லை, நீரணு நில அணுவாக மாறுவதுமில்லை. சேர்வதும் பிரிவதும் மட்டுமே உண்டு. செறிந்தால் வயிரம்போல் கடினமாகும், இடைவெளி விட்டால் மூங்கில்போல் உள்ளே துளையாகும். நிலம் உறுதியாய்க் கிடக்கும், நீர் கீழ்நோக்கி ஓடும், தீ எரிந்து மேலெழும், காற்று குறுக்கே அசையும். பொருள்களில் இந்த நான்கும் ஒன்று, முக்கால், அரை, கால் என்ற அளவில் கூடும் என்று ஒரு கணக்கும் தரப்படுகிறது. தனியணு தெய்வக்கண் உடையவருக்கே புலப்படும். மற்றவர் காண்பது திரளை மட்டும். மாலை மங்கலில் ஒற்றை மயிர் தெரியாது, மயிர்க்கற்றை தெரியும் அல்லவா என்று ஆசீவகர் விளக்குகிறார். காணாத ஒன்றை உண்டென்று நம்ப வைக்க இதைவிடச் சிக்கனமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

கிரேக்கத்தில் இந்தக் கொள்கைக்கு இரண்டு உறவினர். சிசிலித் தீவைச் சேர்ந்த எம்பெடோக்ளிஸ், கி.மு. ஐந்தாம் நூற்றாண்டினர், நிலம், நீர், தீ, காற்று என்ற நான்கையும் வேர்கள் என்றார். தோற்றமும் அழிவும் வெறும் பேச்சு, நடப்பதெல்லாம் கலப்பும் பிரிவுமே என்றார். எலும்பு உருவாக நிலம் இரண்டு பங்கு, நீர் இரண்டு பங்கு, தீ நான்கு பங்கு என்று அவரும் அளவு சொன்னார். கலக்கவும் பிரிக்கவும் அன்பு, பகை என்ற இரண்டு ஆற்றல்களை அவர் வைத்தார். மணிமேகலைச் சுருக்கத்தில் அப்படி எதுவும் இல்லை. இன்னொருவர் வடக்கே அப்தேரா நகரத்து டெமாக்ரிட்டஸ். அவருடைய அணுவுக்கு நிறமோ சூடோ சுவையோ கிடையாது. வடிவம், அளவு, இருக்கும் நிலை மட்டுமே உண்டு. இனிப்பு, கசப்பு, நிறம் எல்லாம் நம் வழக்கில் உள்ளவை; உண்மையில் இருப்பவை அணுவும் வெற்றிடமும் என்பது அவர் கொள்கை. உயிரும் அவருக்கு நுண்ணிய உருண்டை அணுக்களே. ஆசீவகர் அங்கே பிரிந்து நிற்கிறார். அவருடைய நீரணு பிறப்பிலேயே நீர்தான்; உயிரும் நான்கோடு சேராத ஐந்தாவது. ஒப்புமைக்காக இருவரையும் ஒருவராக்கிவிடுவது இருவருக்கும் செய்யும் அநீதி.

அணுக்கொள்கையோடு ஆசீவகர் ஊழையும் சேர்த்துக்கொண்டார். பெறுவது, இழப்பது, இடையூறு, இன்ப துன்பம், பிறப்பு, சாவு எல்லாம் கருவில் விழுந்தபோதே கலந்துவிட்டவை. உயிர்கள் கருமை, கருநீலம், பசுமை, செம்மை, பொன்மை, வெண்மை என்ற ஆறு நிறப் பிறப்புகளின் வழியே ஏறிப்போய் முடிவில் வீடடையும். அவசரப்பட்டும் பயனில்லை, சோம்பியிருந்தும் பயனில்லை. ஊழை முழுதாக ஏற்ற கிரேக்கர் ஸ்டோயிக்குகள். அவர்களின் ஆசான் சீனோ, திருடிய அடிமை ஒருவனை அடித்தபோது, திருடுவது என் விதி என்றானாம் அவன்; அடிபடுவதும்தான் என்றாராம் சீனோ. எபிக்யூரஸ் (கி.மு. 341–270) டெமாக்ரிட்டஸின் அணுவை ஏற்றும் ஊழை ஏற்கவில்லை. அணுக்கள் நேர்கோட்டிலிருந்து எப்போதாவது காரணமின்றிச் சற்றே விலகும் என்று அவர் வழியினர் சொன்னார்கள். மனிதனின் விருப்பத்துக்கு அந்த விலகலில் இடம் கிடைத்தது. ஆசீவகத்தில் அப்படி ஒரு விரிசல் வைத்த தமிழர் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

கடைசியில் பேசும் பூதவாதி, உயிரையே மறுக்கிறான். ஆத்திப்பூவையும் வெல்லக்கட்டியையும் பிறவற்றையும் சேர்த்து ஊறவைத்தால் முன்பு எதிலும் இல்லாத போதை பிறக்கிறது. பூதங்கள் சேரும்போது உணர்வு பிறப்பதும் அப்படியே. பூதங்கள் பிரிந்தால் பறையின் ஓசை தேய்வதுபோல் உணர்வும் போய்விடும். கண்டதே மெய், ஊகித்தது பொய், இந்தப் பிறவியோடு எல்லாம் சரி. இதே வாதம் பிளேட்டோவின் ‘ஃபீடோ’ உரையாடலில், கி.மு. 399-ல் சாக்ரடீஸ் நஞ்சருந்தும் நாளன்று, அவருடைய சிறையறையிலேயே எழுகிறது. யாழின் இசையிணக்கம் கண்ணுக்குத் தெரியாதது, அழகியது. ஆனாலும் யாழ் உடைந்தால் அது நிற்பதில்லை, உயிரும் அப்படியே ஆகாதா என்று நண்பர் சிமியாஸ் கேட்கிறார். அங்கே யாழ், இங்கே பறை. சாக்ரடீஸ் பொறுமையாக நீண்ட மறுப்புச் சொல்கிறார்: இசை யாழுக்கு அடங்கியது, உயிரோ உடலின் ஆசையை எதிர்த்து நிற்க வல்லது. மணிமேகலையின் பதில் ஒரே குத்து. முற்பிறவியை அறிந்தவளாதலால் அவள் சிரிக்கிறாள். அதெல்லாம் தெய்வ மயக்கம் அல்லது கனவு என்கிறான் பூதவாதி. ஊகம் பொய் என்றால் உன் தாய் தந்தை இன்னார் என்று நீ எப்படி அறிந்தாய் என்று கேட்கிறாள். கேள்வி கூர்மையானதுதான். ஆனால் அது ஊகத்தைக் காப்பாற்றுகிறதே தவிர உயிரை நிலைநாட்டவில்லை. பூதவாதிக்கு மறுமொழி சொல்லச் சாத்தனார் இடம் தரவில்லை. தந்திருந்தால் அவன் அதைத்தான் சொல்லியிருப்பான்.

சாத்தனாருக்குப் பின் வந்த சமணர் ஒருவர் இந்த முறையை இன்னும் கடுமையாகக் கையாண்டார். ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான நீலகேசி, குண்டலகேசி என்ற பௌத்தக் காப்பியத்துக்கு மறுப்பாக எழுந்தது. கதைத்தலைவி நீலகேசி ஊர் ஊராகப் போய் வாதிட்டு வெல்கிறாள்: குண்டலகேசி, அர்க்கசந்திரன், மொக்கலன், புத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி, பூதவாதி. குண்டலகேசி காப்பியம் அழிந்துவிட்டது. அதில் எஞ்சிய சில பாடல்களும் செய்திகளும் நீலகேசியும் அதன் உரையும், புறத்திரட்டு போன்ற தொகை நூல்களும் தந்தவை. மறுக்க எழுதிய நூலே மறுக்கப்பட்டதற்குக் காவல் நின்றது. மணிமேகலையை உ.வே. சாமிநாதையர் 1898-ல் பதிப்பித்தார், நீலகேசியை ஆ. சக்கரவர்த்தி நயினார் 1936-ல் உரையோடு வெளியிட்டார்.

நீலகேசியில் வரும் ஆசீவகர் மணிமேகலையின் ஆசீவகரைவிட ஒரு படி மேலே போகிறார். அணுக்கள் அழியா என்பதோடு அவர் நிற்கவில்லை. உள்ளது எதுவும் அசைவதும் மாறுவதும் இல்லை, தோன்றுவதும் மறைவதும் தோற்றம் மட்டுமே என்ற கொள்கைக்கு வந்துவிட்டார். ஆசீவகம் பற்றி 1951-ல் நூல் எழுதிய வரலாற்றாசிரியர் ஏ.எல். பாஷம், தெற்கில் வளர்ந்த இந்தக் கொள்கையைத் தனித்துக் காட்டினார். தென் இத்தாலியின் கடற்கரையில் எலியா நகரத்துப் பார்மினிடீஸ் சொன்னதும் ஏறத்தாழ இதுவே: உள்ளது உள்ளதுதான், இல்லாததிலிருந்து எதுவும் வர முடியாது, ஆகவே மாற்றம் என்பது புலன்களின் ஏமாற்று. ஒரே ஆற்றில் இரண்டு முறை இறங்க முடியாது என்ற ஹெராக்ளிட்டஸுக்கு இது நேர் எதிர். கணத்துக்குக் கணம் எல்லாம் அழிந்து பிறக்கிறது என்ற பௌத்தம் ஹெராக்ளிட்டஸின் பக்கம் நிற்கும். ஆக, இந்தச் சண்டை இரு கரைகளிலும் ஒரே எல்லைகளுக்குப் போய் நின்றது.

வாதம் செய்யாத ஒருவர் காரைக்காலில் இருந்தார். வணிகர் குடியில் பிறந்த புனிதவதி, பின்னாளில் காரைக்கால் அம்மையார். மாங்கனியின் கதை ஊரறிந்தது. ஆனி மாதத்து மாங்கனித் திருவிழாவில் இன்றும் மாடிகளிலிருந்து கனிகள் வீசப்படுகின்றன. அவருடைய அற்புதத் திருவந்தாதி, திருஇரட்டை மணிமாலை, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் ஆகியவை பதினோராம் திருமுறையில் சேர்ந்தவை. 1956-ல் காரவேலனின் பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு புதுச்சேரியில் நூலாக வந்தன. அவரைப் பக்திக் கவிஞராக மட்டும் படிப்பது வழக்கம். அந்தாதியின் சில பாடல்களில் கூர்ந்த தத்துவம் ஓடுகிறது. அறிபவனும் அவனே, அறிவிப்பவனும் அவனே, அறிவாய் நின்று அறிவதும் அவனே, அறியப்படும் பொருளும் அவனே என்று ஒரு வெண்பா போகிறது. அளவைவாதிகள் நூற்றாண்டுகளாகப் பிரித்துப் பிரித்து எண்ணியவை அதில் ஒன்றாகிவிடுகின்றன.

இன்னும் இரண்டு பாடல்கள் கிரேக்கர் ஒருவரோடு சேர்த்துப் படிக்க வேண்டியவை. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் ஊர் ஊராகச் சுற்றிய கவிஞர் ஜெனோஃபனீஸ், தெய்வ உருவங்களைக் கேலி செய்தார். எத்தியோப்பியருடைய தெய்வங்கள் கறுப்பு, சப்பை மூக்கு. திரேசியருடைய தெய்வங்களுக்கு நீலக்கண், செம்பட்டை முடி. மாட்டுக்கும் குதிரைக்கும் கை இருந்து வரையத் தெரிந்தால் மாடு மாட்டைப்போலவும் குதிரை குதிரையைப்போலவும் தெய்வத்தை வரைந்திருக்கும் என்றார். உண்மைக் கடவுள் ஒருவரே, அவர் உருவிலும் நினைவிலும் மனிதரைப் போன்றவர் அல்லர் என்பது அவர் முடிவு. அம்மையாரும் உருவத்தைப் பற்றியே யோசிக்கிறார். உன் உருவத்தைக் காணாமலே ஆட்பட்டேன், இன்றும் கண்டதில்லை, உங்கள் பெருமான் எந்த உருவம் என்று கேட்பவர்க்கு என்ன சொல்வேன் என்கிறார். இன்னொரு பாடலில் விடையும் தருகிறார்: நூலறிவு பேசுகிறவர்கள் பேசித் திரியட்டும்; எந்தக் கோலத்தில் எந்த உருவில் எவர் தவம் செய்தாலும் அவர்க்கு அவன் அந்த உருவே. மனிதர் தத்தம் சாயலில் தெய்வத்தைக் காண்கிறார்கள் என்பதை இருவருமே கவனித்திருக்கிறார்கள். ஒருவர் அதனால் உருவங்களைத் தள்ளினார், மற்றவர் அதனாலேயே எல்லா உருவங்களையும் ஏற்றார். கிரேக்கத் தத்துவம் போன வழிக்கும் தமிழ்ச் சைவம் போன வழிக்கும் உள்ள தொலைவு இந்த ஓரிடத்தில் தெரிகிறது.

ஏழாம் நூற்றாண்டில் வாதம் வேறு முகம் காட்டியது. மதுரையில் சமணரோடு நடந்த அனல்வாதத்தில் திருஞானசம்பந்தர் நெருப்பிலிட்டது திருநள்ளாற்றுப் பதிகம் எழுதிய ஏடு. அது வேகாமல் பச்சையாக இருந்ததால் பச்சைப்பதிகம் என்று பெயர் பெற்றது. காரைக்காலுக்கு மேற்கே உள்ள திருநள்ளாறு இன்று சனி பகவானுக்காகவே பேர்போனது. வாத வரலாற்றில் அதற்கு உள்ள இடம் பலருக்கு நினைவில்லை. ஏடு வேகுமா வேகாதா என்பது தருக்கம் ஆகாது. அறவண அடிகளின் போலிப் பட்டியலில் அதை எங்கே வைப்பது என்று தேடினாலும் கிடைக்காது.

ஆனால் அதே பயணத்தில் சம்பந்தர் இந்தக் கரைக்குத் திரும்பியபோது முறையான வாதம் ஒன்றும் நடந்ததாகச் சேக்கிழார் எழுதுகிறார். திருநள்ளாற்றையும், இன்று காரைக்கால் நகரின் கோயில்பத்தாக உள்ள திருத்தெளிச்சேரியையும் வணங்கித் திருக்கடவூர் நோக்கிப் போகும் வழியில் போதிமங்கை என்ற பௌத்தர் ஊர். புத்தநந்தி என்ற தேரர் எதிர்த்து, இடி விழுந்து மடிகிறார். அடுத்து சாரிபுத்தன் வாதுக்கு வருகிறார். சம்பந்தரின் பதிகங்களை ஏட்டில் எழுதும் சம்பந்த சரணாலயர் எதிர்நிற்கிறார். உங்கள் தலைவர் ஐந்து கந்தங்களும் (உடல், உணர்வு முதலான கூறுகள்) அவிந்து முத்தி அடைந்துவிட்டாரென்றால் விகாரத்தில் நீங்கள் செய்யும் பூசையை ஏற்பது யார் என்பது அவருடைய கேள்வி. உறங்குகிறவனை வைதால் அவன் கேட்காவிட்டாலும் வைதவனுக்குக் குற்றம் உண்டே, அதுபோல வழிபாட்டுக்கும் பயன் உண்டு என்கிறார் சாரிபுத்தன். உறங்குபவனுக்கு உயிரும் உணர்வும் உள்ளன, உங்கள் தலைவருக்கு அவை இல்லையே, உவமை பொருந்தாது என்று மறுக்கிறார் சரணாலயர். திட்டாந்தப்போலி என்று அறவண அடிகள் பெயர் சூட்டியது இதைத்தான். எபிக்யூரஸின் வழியினரிடமும் இதே கேள்வி கேட்கப்பட்டது: தெய்வங்கள் பேரின்பத்தில் இருக்கிறார்கள், உலகைக் கவனிப்பதில்லை என்கிறீர்கள், பிறகு எதற்கு வழிபாடு? மேன்மையானதை எண்ணிப் பார்ப்பதே எண்ணுபவருக்குப் பயன் என்றார்கள் அவர்கள். சாரிபுத்தனும் அந்த விடையைச் சொல்லியிருக்கலாம். சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சைவர். பௌத்தர் தோற்பது அவர் கதைக்குத் தேவை.

அதன் பிறகு சைவம் தன் தத்துவத்தை நூல்களாக வகுத்தது. காரைக்காலுக்கு வடக்கே உள்ள அதே திருக்கடவூரைச் சேர்ந்த உய்யவந்ததேவ நாயனார் திருக்களிற்றுப்படியார் பாடினார். மெய்கண்டாரின் சிவஞானபோதம் பன்னிரண்டு நூற்பாக்களில் சித்தாந்தத்தை நிறுவியது. அவர் மாணவர் அருணந்தி சிவாசாரியார் பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதிய சிவஞானசித்தியாரின் பரபக்கம், உலோகாயதன் முதல் பாஞ்சராத்திரி வரை பதினான்கு பிறகொள்கைகளை எடுத்துவைத்து மறுக்கிறது. ஒவ்வொருவர் கொள்கையையும் முதலில் அவர் வாயாலேயே சொல்ல வைப்பது அந்நூலின் முறை. பௌத்தரில் மட்டும் நான்கு பிரிவினர் தனித்தனியாக வருகிறார்கள். அவர்களில் எத்தனை பேர் அப்போது உண்மையில் எதிரே இருந்தார்கள், எத்தனை பேர் ஏட்டில் மட்டும் இருந்தார்கள் என்பது வேறு கேள்வி.

சாத்தனாரைப் போலவே எதிரியின் தயவு இல்லாமல் தன் குரலிலேயே தப்பிய பௌத்தர் இன்னொருவர் உண்டு. உறையூரில் பிறந்தவரான புத்ததத்தர், ஐந்தாம் நூற்றாண்டினர். காவிரிப்பூம்பட்டினத்திலும் பூதமங்கலத்திலும் இருந்த விகாரங்களில் தங்கிப் பாலி மொழியில் எழுதினார். களப்பிர மன்னன் அச்சுதவிக்கந்தனின் ஆட்சியை அவரே குறிப்பிடுகிறார். மனம், எண்ணம், அறிவு ஆகியவற்றைப் பிரித்து ஆராயும் அபிதம்மாவதாரம் அவருடைய நூல். பூம்புகாரில் மேலையூரை ஒட்டிய பல்லவனேசுவரத்தில் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது செங்கல் விகாரம் ஒன்று வெளிப்பட்டது. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னர் கட்ட, இராசராச சோழன் ஆனைமங்கலத்தைக் கொடையளித்த சூடாமணி விகாரத்தின் சுவடுகூட இன்று தரைக்கு மேல் இல்லை. ‘புதுவெளிக் கோபுரம்’ என்று அழைக்கப்பட்டு அங்கே எஞ்சி நின்ற பழைய செங்கல் கட்டடமும் 1867-ல் இடிக்கப்பட்டது. அரிஸ்டாட்டிலின் நூல்களில் பெரும்பாலானவற்றை மேற்கு ஐரோப்பா மறந்திருந்த நூற்றாண்டுகளில் பாக்தாதின் அரபு மொழிபெயர்ப்பாளர்கள் வைத்திருந்தார்கள். புத்ததத்தரின் நூல்களைச் சோழநாடு மறந்திருந்தபோது கடல் தாண்டிய இலங்கை, பர்மா மடங்களில் பிக்குகள் அவற்றைப் படியெடுத்துப் பாடம் சொன்னார்கள். லண்டனின் பாலி நூற்கழகம் 1915-ல் அபிதம்மாவதாரத்தை அச்சிட்டது.